பாலத்துக்குக் கதவு போட்டார்கள்

எங்கள் ஊர்ப் பாலத்துக்குக் கதவு போட்டார்கள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். வீட்டுக்குக் கதவு உண்டு, கடைக்கு உண்டு, ஆற்றைக் கடக்கிற பாலத்துக்கு எதற்குக் கதவு என்று கேட்கிறார்கள். நானும் அதையேதான் கேட்டேன். கேட்டுப் பயனில்லாமல் போனபோது அந்தக் கதவைக் கழற்றி வைத்தேன். தனியாக அல்ல, ஐந்து பேர் சேர்ந்து. அதற்காக இன்றும் எங்கள் மேல் வழக்கு நடக்கிறது.

மதுரைக்கு மேற்கே, வைகைக்குத் தென்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். வடகரையில் திண்டுக்கல் சாலை. அங்கேதான் பஸ், பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம். இரண்டு கரைக்கும் நடுவில் வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம். இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக இரும்புச் சட்டங்கள், அவற்றில் வரிசை வரிசையாகக் குமிழ் ஆணிகள், கீழே இரும்புத் தகடு. மாட்டுவண்டி போகிற அகலம்தான். எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் கைப்பிடி உரசாமல் போவது சாமர்த்தியம். கார் போகாது. அதனால் எங்கள் ஊருக்கு ஆம்புலன்ஸும் அந்த வழியில் வந்ததில்லை. இருந்தாலும் அதுதான் எங்கள் வழி.

என் வீட்டுக்காரர் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த பிறகு வேலையை விட்டார். வாரத்தில் மூன்று நாள் விளாங்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நான் அதே ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். காலையில் அவரை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துப் பாலத்தைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி. அவரைப் படுக்கையில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவேன். முடிந்ததும் கூட்டிக்கொண்டு திரும்புவேன். கஷ்டமான வாழ்க்கைதான், ஆனால் ஓர் ஒழுங்கில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் பாலம் பலவீனமாகிவிட்டது என்று சொல்லி, இரண்டு முனையிலும் இரும்புக் கம்பங்களை நட்டார்கள். இனிமேல் வண்டி போகக் கூடாது, நடந்து போகலாம் என்றார்கள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பழைய பாலம், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். பக்கத்திலேயே புதுப் பாலம் வரும் என்று சொல்லி அடிக்கல்லும் நாட்டினார்கள், அந்தக் கல் மட்டும்தான் இன்றும் நிற்கிறது. ஸ்கூட்டியை வடகரையில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தப் பழகிக்கொண்டேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பார். பாதிப் பாலத்தில் நின்று மூச்சு வாங்குவார். ஓடுகிற பஸ்ஸில் பிடிமானம் இல்லாமல் நின்று டிக்கெட் கிழித்த மனிதர்.

அதன் பிறகு ஒரு நாள் அதிகாரிகள் வந்து பாலத்தை அளந்தார்கள். புதுப் பாலத்துக்குத்தான் அளக்கிறார்கள் என்று நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, எங்கள் பாலம் பாரம்பரியச் சின்னம் ஆகப்போகிறது என்று. வெள்ளி நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள். கலர் விளக்குகளும் கண்காணிப்புக் கேமராவும் மாட்டினார்கள். தகட்டின் மேல் பச்சை நிறப் பிளாஸ்டிக் புல் விரித்தார்கள். உட்கார பெஞ்சுகள், செல்ஃபி எடுக்க இதய வடிவத்தில் ஒரு சட்டம். வடகரையில், சாலையைப் பார்த்த பக்கத்தில், அலங்கார வளைவு வைத்து ஒரு சங்கிலி மாட்டினார்கள். தென்கரையில், எங்கள் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு மேல் இரட்டை இரும்புக் கதவு போட்டு, நடுவில் பூட்டினார்கள். வேலை முடியும் வரை யாரும் போகக் கூடாது. முடிந்த பிறகு சாயங்காலம் மட்டும் பொதுமக்கள் பார்வைக்குத் திறப்பார்களாம்.

பார்வைக்கு! என் ஸ்கூட்டியைத் தாங்காத பாலம் செல்ஃபி எடுக்க வருகிற கூட்டத்தைத் தாங்கிவிடுமாம்.

மனு எழுதுவது என் பிழைப்பு. கடைக்கு வருகிறவர்களுக்கு நாளெல்லாம் மனு அடித்துக் கொடுக்கிறேன். அன்று எனக்காக ஒன்று அடித்து, ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாலத்துக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆத்துலதான் தண்ணியே இல்லையேம்மா. எறங்கி நடந்தா அஞ்சு நிமிஷம். எதுக்குப் பாலம்?"

"எங்க வீட்டுக்காரரு டயாலிசிஸ் பேஷண்ட் சார். மணல்ல எறங்கி ஏற முடியாது."

"அப்ப ஆரப்பாளையம் சுத்திப் போங்க. பஸ் விட்டுருக்கோம்ல?"

அவர் அந்த வழியில் ஒரு முறையாவது போயிருப்பாரா? எங்கள் ஊரிலிருந்து வருகிற பஸ் ஆரப்பாளையத்தில் விடும். அங்கே இறங்கி, கூட்டத்தில் முண்டியடித்து, ஆற்றைத் தாண்டி விளாங்குடி வழியாகப் போகிற இன்னொரு பஸ்ஸில் ஏற வேண்டும். போகும்போதாவது பரவாயில்லை. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவர் உடம்பில் ஒன்றுமே இருக்காது. கால் துவளும், கண் இருட்டும்.

ஸ்கூட்டியில் அவ்வளவு தூரம் அவரால் உட்கார முடியாது, தினமும் ஆட்டோவுக்குக் கட்டுப்படியாகாது. வேறு வழியில்லாமல் கொஞ்ச நாள் அப்படித்தான் போனோம். ஒரு மதியம், திரும்பி வரும்போது, ஆரப்பாளையத்தில் எங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவதற்குள் பக்கத்துச் சீட்டில் வாந்தி எடுத்துவிட்டார். கண்கள் சிவந்து, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பட்டப்பகல்லயே ஏத்திட்டு வந்துட்டான்யா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

கண்டக்டர் இளவட்டம். விறுவிறுவென்று வந்தான். "யோவ், எறங்குய்யா மொதல்ல. குடிச்சுட்டு ஏறாதன்னு எம்புட்டுச் சொல்றது?"

நான் கத்தினேன். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். சட்டைக் கையைச் சுருட்டி, டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திக் கயிறு மாதிரி புடைத்திருந்த நரம்பையும், அதன் மேல் ஒட்டியிருந்த பஞ்சையும் காட்டினார்.

"நானும் பை தொங்கப் போட்டவன்தான் மாப்ள" என்றார். "குடிச்சவனையும் இப்பிடி எறக்கி விட்டது இல்ல."

அந்தப் பையன் முகம் சுண்டிப்போய்விட்டது. தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து அவனே சீட்டைக் கழுவினான். அவன் மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. எங்களை அந்தப் பஸ்ஸில் ஏறவைத்தவர்கள் மேல்தான் கோபம். வீட்டுக்கு வந்து, அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "இனிமே ஆரப்பாளையம் வேணாம். ஆத்துலயே எறங்கிப் போவோம்" என்றார்.

அப்படித்தான் மணல் பாதையில் இறங்கினோம். சீமைக்கருவேல முள்ளை விலக்கி, சாக்கடை தேங்கிய குட்டைகளைச் சுற்றி, கால் புதையப் புதைய நடக்க வேண்டும். எங்களுக்கு முன்பே அந்தப் பாதையில் காலனிப் பெண்கள் தடம் போட்டிருந்தார்கள். அவர்கள் குடும்பங்கள் ஒரு காலத்தில் எங்கள் வயல்களில் கூலி வேலை பார்த்தவை. இப்போது எல்லோருக்கும் நகரத்தில்தான் வேலை. ஒருத்தி ஜவுளிக்கடையில், இரண்டு பேர் வீட்டு வேலையில். இன்னொருத்தி அவர் டயாலிசிஸ் செய்துகொள்கிற அதே ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கிறவள். முதல் நாளே நான் கேட்காமல் அவள் வந்து அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எம்மேல நல்லாச் சாஞ்சுக்கங்க. அக்கா மட்டும் தனியா எப்பிடித் தூக்குவாக?"

தலைக்கு மேலே புதுப் பெயின்டில் பளபளவென்று நின்றது பாலம். நாங்கள் அதன் நிழலிலேயே, அதற்குக் கீழேயே, நடந்து போனோம். அந்த எரிச்சலை எப்படிச் சொல்வது? பாலம் இடிந்து விழுந்திருந்தால்கூட மனசு சமாதானம் ஆகியிருக்கும்.

திறப்பு விழாவும் வந்தது. அன்றைக்கும் அவருக்கு டயாலிசிஸ் நாள். வழக்கத்தைவிட நேரமாகி, சாயங்காலம் வடகரைக்கு வந்து சேர்ந்தோம். வளைவில் தோரணம் கட்டியிருந்தது. மைக் செட் அலறியது. பாலத்தின் மேல் சாமியானா போட்டு நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். சங்கிலி கழற்றியிருந்தது, தூரத்தில் எங்கள் பக்கத்துக் கதவும் திறந்திருந்தது. நேராக நடந்தால் வீடு.

காவலுக்கு நின்றது அவருடைய சித்தப்பா மகன். விவசாயம் கைகொடுக்காமல் இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தான். யூனிஃபார்ம் அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. எங்களைக் கண்டதும் ஓடி வந்தான்.

"அண்ணே, இன்னைக்கு மட்டும் ஆத்துக்குள்ள எறங்கிப் போயிருங்கண்ணே. விஐபி வர்ற நேரம். மதினி, நீங்களாவது சொல்லுங்க."

"சரிடா தம்பி. கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்" என்றார் இவர்.

போனவர், முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். மார்பில் பேட்ஜ் குத்திய ஒருவர் ஓடி வந்தார்.

"ஐயா, இது விஐபி சேர்."

"தெரியுது. துணி போட்டுருக்கே."

"எந்திரிங்க."

"எந்திரிச்சா விழுந்துருவேன் சார். இப்பத்தான் ஒடம்புல இருந்து அம்புட்டுத் தண்ணியையும் உறிஞ்சி எடுத்துருக்காங்க. விழுந்தா ஒங்க விழாவுலதான் விழுவேன். பரவாயில்லையா?"

பேட்ஜ்காரர் என்னைப் பார்த்தார். நான் கணவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர்கள் கூடிப் பேசினார்கள். டீ கொடுத்துப் பார்த்தார்கள். குடிக்க அளவு உண்டு என்று சொல்லி அதையும் மறுத்துவிட்டார். அதற்குள் கார்கள் வந்துவிட்டன. சிறப்பு விருந்தினர் நேராக வந்து இவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கேமராக்கள் மின்னின. விருந்தினர் சிரித்தபடி குனிந்து கேட்டார்.

"என்ன பெரியவரே, பாலம் எப்படி இருக்கு?"

என் வீட்டுக்காரருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நோய் அப்படிக் காட்டியது.

"பாலம் நல்லா இருக்குங்க" என்றார். "அதுல நடக்கத்தான் விட மாட்டேங்கிறாக."

விருந்தினர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு உரக்கச் சிரித்தார். தோளில் தட்டினார். பிறகு மேடையேறி, முன்னோர்களின் அடையாளங்களைக் காக்கிற மண் இது என்று நீளமாகப் பேசினார். அந்த முன்னோர்களின் பிள்ளைகள் எந்த வழியில் ஆற்றைக் கடக்கிறார்கள் என்று அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை இல்லை. கூட்டம் கலைந்த பிறகுதான் நாங்கள் பாலத்தைக் கடந்து வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்திருந்தது. விருந்தினரும் இவரும். பாரம்பரியப் பாலத்தைக் கண்டு மகிழும் ஊர்ப் பெரியவர் என்று கீழே போட்டிருந்தார்கள்.

"நான் மகிழ்ந்தேனாம்டி" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அதன் பிறகு சொன்னபடியே சாயங்காலம் மட்டும் திறந்தார்கள். காலையில் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்குப் பூட்டிய கதவு. சாயங்காலம் காரில் வந்து படம் எடுப்பவர்களுக்கு விளக்கு, பாட்டு, ஐஸ்கிரீம் வண்டி. இரண்டு முறை நினைவூட்டல் மனு கொடுத்தேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது.

சித்திரை பிறந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையைத் திறந்துவிட்டார்கள். திருவிழா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கூட்டத்தில் நசுங்கி, தண்ணீர் பீய்ச்சுகிறவர்களிடம் நனைந்து, விடிய விடிய நின்று அழகரைப் பார்த்திருக்கிறோம். ஆனால் தண்ணீர் எங்கள் ஊரைத் தாண்டித்தானே நகரத்துக்குப் போக வேண்டும்? எங்கள் மணல் பாதை மூழ்கிவிடும் என்று யாராவது யோசித்தார்களா? கதவையாவது திறந்துவிடுவோம் என்று யாருக்காவது தோன்றியதா?

தண்ணீர் வந்த அன்று அவருக்கு டயாலிசிஸ் இருந்தது. ஆற்றில் இறங்க முடியவில்லை. ஆரப்பாளையம் போனால், திருவிழாக் கூட்டத்துக்காகச் சாலைகளை அடைத்துப் பஸ்களைத் திருப்பி விட்டிருந்தார்கள். ஆட்டோக்காரர்கள் வரமாட்டோம் என்றார்கள். வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தோம். டயாலிசிஸ் தவறிப்போனது. மறுநாள் காலையில் அவருக்கு முகம் வீங்கியிருந்தது. இரவு படுத்தால் மூச்சு முட்டியதால் உட்கார்ந்தே விடியவைத்திருந்தார். இன்றைக்கு எப்படியாவது போயாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் போனில் சொன்னார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், திருவிழாக் கூட்டத்தில் சுற்றி வர வெகுநேரம் ஆகும் என்றார்கள்.

கதவுக்கு முன்னால் காலனிப் பெண்கள் நான்கு பேரும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். முதல் நாள் வேலைக்குப் போக முடியாமல் எல்லோருமே திட்டு வாங்கியிருந்தார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் அவருடைய சித்தப்பா மகன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"சாவி எங்கிட்ட இல்ல மதினி. சத்தியமாச் சொல்றேன். சாயங்காலம்தான் கொண்டாந்து குடுப்பாக."

"அதிகாரிக்குப் போன் போடு."

போட்டான். திருவிழா வேலையில் இருக்கிறேன், சாயங்காலம் பேசு என்று சொல்லி அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு இழுத்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பாலத்தைக் கட்டியது கடப்பதற்கு. எதிரே விளாங்குடி தெரிகிறது. நடுவில் ஒரு பூட்டு.

வார்டு துடைக்கிறவள் கதவின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இது கொண்டியில சும்மாதான் மாட்டியிருக்கு. மேல தூக்குனா வந்துரும் போலருக்கே" என்றாள்.

நான் சித்தப்பா மகனைப் பார்த்தேன். அவன் தன் அண்ணனைப் பார்த்தான்.

"மதினி, நான் டீ குடிக்கப் போறேன்" என்றான். ஆற்றைத் தாண்டினால்தான் டீக்கடை. அவன் ஊர்ப் பக்கம் திரும்பி நடந்தான்.

ஐந்து பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டோம். முதல் தூக்கில் அசையவில்லை. இரண்டாவது தூக்கில் ஒரு கொண்டி விட்டது. ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு விரல் நசுங்கி ரத்தம் வந்தது, அவள் கையை எடுக்கவில்லை. அடுத்த தூக்கில் கதவு மொத்தமாக எங்கள் கையில் வந்தது. உடைக்கவில்லை, வளைக்கவில்லை. பத்திரமாகத் தூக்கிக் கைப்பிடிச் சட்டத்தில் சாய்த்து வைத்தோம். இரண்டு கதவையும் சேர்த்துப் பிடித்த பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

அவரை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் புல்லின் மேல் நடந்தோம். கீழே கலங்கல் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. வடகரைச் சங்கிலிக்கு அடியில் அவரைக் குனியவைத்துக் கூட்டிப் போனோம். டீக்கடைக்காரர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் உடனே அவரைப் படுக்கவைத்து மெஷினை மாட்டினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நுரையீரலில் நீர் நிறைந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, அதே வார்டில், வார்டு துடைக்கிறவள் என்னைப் பார்க்காமல் தரையைத் துடைத்தபடியே சொன்னாள்: "நேத்து சாயங்காலம் போலீஸ் வந்துச்சுக்கா. பொதுச் சொத்துக்குச் சேதமாம். எங்க நாலு பேரு மேலயும் கேஸு."

"நாலு பேரா? நான்?"

"ஒங்க பேரு இல்லக்கா."

குரலில் குறை எதுவும் இல்லை. அவளுக்கு அது ஆச்சரியமாகக்கூட இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

வீட்டுக்குப் போனதும் காரணம் தெரிந்தது. என் வீட்டுக்காரரின் பெரியப்பா வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார். கட்சியில் ஒரு பொறுப்பில் இருக்கிறவர். ஏதோ பெரிய உதவி செய்துவிட்டு வந்த முகம்.

"பயப்படாதம்மா. ஸ்டேஷன்ல பேசிட்டேன். நம்ம வீட்டுப் பொம்பள பேரு அதுல வராது."

"கதவுல கை வச்சது நானும்தானே மாமா? அவங்க பேரு மட்டும் வரலாமா?"

"அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானேம்மா. நமக்கு அப்பிடியா?"

என்ன பழக்கம்? என் புருஷனைத் தோளில் தாங்கி முள்ளுக்குள் நடந்தார்களே, அந்தப் பழக்கமா? அதற்கு முன்பு எத்தனை முறை யார் யார் செய்ததற்கு அவர்கள் பெயரை எழுதிப் பழக்கினார்கள்? அன்று பெரியவர் என்ற மரியாதையெல்லாம் எனக்குப் போய்விட்டது. "ஒங்களுக்கு அசிங்கமா இல்லையா மாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் கட்டிலில் படுத்தபடி, "அவ கேக்குறது சரிதான் பெரியப்பா" என்றார். பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனவர் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் அன்றைக்குக் கட்டியிருந்த அதே பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அவரும் வந்தார். என் வாக்குமூலத்தை நானே டைப் அடித்து எடுத்துப் போயிருந்தேன். சப்-இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு என்னை விநோதமாகப் பார்த்தார்.

"எல்லாரும் பேரை எடுக்கச் சொல்லி வருவாங்க. நீங்க சேக்கச் சொல்லி வாரீங்க. எதுக்கும்மா ஒங்களுக்கு இது?"

"கேமரால எத்தனை பேரு இருக்கோம் சார்?"

"முகம் சரியாத் தெரியல."

"சேலை தெரியுதா? இந்தச் சேலைதான். நல்லாப் பாத்துக்கங்க."

பக்கத்து மேஜைக் காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல். "சேதமே பெருசா இல்ல. சின்னக் கேஸும்மா. அவங்க ஃபைன் கட்டுனா முடிஞ்சுரும். நீங்க ஏன் இழுத்துவிட்டுக்கிறீங்க?"

"சின்னக் கேஸுன்னா அந்த நாலு பேரையும் எடுத்துருங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்திருந்தார். "இல்லையா, இவளையும் சேருங்க. ஒரே கதவுக்கு ரெண்டு நியாயம் வேணாம்."

சப்-இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை வாங்கி வைத்துக்கொண்டார். சில வாரம் இழுத்தடித்தார்கள். விடாமல் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஐந்தாவதாக என் பெயரும் ஏறியது.

கதவைத் திரும்ப மாட்டி, தூக்க முடியாதபடி கொண்டிக்கு மேல் வெல்டிங் வைத்துவிட்டார்கள். ஆனால் காலையிலும் திறக்க ஆரம்பித்தார்கள். எங்களுக்காக என்று சொன்னால் தப்பை ஒத்துக்கொண்டது ஆகிவிடும் அல்லவா? அதனால் நடைப்பயிற்சி நேரம் என்று போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். டிபன் கேரியரும் துடைப்பமும் சுமந்து அவசர அவசரமாக வேலைக்கு ஓடுகிற பெண்கள் எல்லோரும் அரசாங்கக் கணக்கில் நடைப்பயிற்சி செய்கிறார்கள். படிக்கிற பிள்ளைகளும் அப்படியே. நேரம் முடிந்தால் பூட்டிவிடுவார்கள். மதியம் அவரை அழைத்துக்கொண்டு திரும்பும்போது சில நாள் திறந்திருக்கும், சில நாள் இருக்காது. சித்தப்பா மகன் காவலுக்கு இருந்தால் திறந்துவிடுவான். அவனுக்கு ஒரு முறை மெமோ கொடுத்துவிட்டார்கள், அதனால் நானும் அவனை வற்புறுத்துவதில்லை.

போன முறை கோர்ட்டுக்குப் போனபோது எங்கள் வக்கீல் வராந்தாவில் எங்களை நிறுத்திவைத்துப் பேசினார். குற்றத்தை ஒத்துக்கொண்டால் சின்ன அபராதத்தோடு அன்றே முடிந்துவிடும், வேலையைக் கெடுத்துக்கொண்டு அலைய வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஒவ்வொரு முறையும் அந்த நான்கு பேருக்கும் ஒரு நாள் கூலி போகிறது. வீட்டு வேலை செய்கிற ஒருத்திக்கு ஒரு வீடே போய்விட்டது, போலீஸ் கேஸ் உள்ளவள் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அதனால் முடிவு அவர்கள் சொல்லட்டும் என்று நின்றேன்.

வார்டு துடைக்கிறவள்தான் முதலில் பேசினாள். "தப்புன்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு மறுபடியும் பூட்டுவாக சார். அப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தெறன்னு கேக்குறது?"

வேலை போனவளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். "ஒத்துக்க வேணாம்" என்றாள். மற்ற இரண்டு பேரும் அதையே சொன்னார்கள்.

உள்ளே கூப்பிட்டபோது ஐந்து பேரும் வரிசையாகப் போய் நின்றோம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். இல்லை என்று ஒவ்வொருவரும் சொன்னோம். ஜவுளிக்கடைப் பெண் சொன்னது மட்டும் சத்தமாக இருந்தது. மெதுவாகப் பேசம்மா என்று அதட்டினார்கள். அவள் அதே சத்தத்தில் இன்னொரு முறை சொன்னாள்.